ரிபோஃபிளேவின் வெளிச்சத்துல சிதையறத அளக்கறேன், எல்என் கிராஃப் நேர்கோடா வரல, கீழ வளையுது – யாராவது பாத்து சொல்லுங்க

முசிறி_பையன்

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி கெமிஸ்ட்ரி ரெண்டாவது வருஷம், ப்ராஜெக்ட் வந்து வைட்டமின் பி2, அதாவது ரிபோஃபிளேவின், தண்ணில கரைச்சு வெளிச்சத்துல வச்சா எவ்ளோ வேகமா சிதையுதுனு அளக்கறது. கைடு சொன்னது ரெண்டே வரி தான், "445-ல அப்சார்பன்ஸ் எடு, எல்என் போட்டு கிராஃப் வரை, ஸ்லோப் தான் கே, ஒரு வாரத்துல முடிச்சிடலாம்"னாரு. (445-ங்கறது நானோமீட்டர்ல அலைநீளம், அப்சார்பன்ஸ்னா கரைசல் வெளிச்சத்த எவ்ளோ உறிஞ்சுதுங்கற அளவு, எல்என்னா இயல் மடக்கை, கே-ன்னா சிதையற வேக மாறிலி.) இன்னிக்கு அஞ்சாவது வாரம்.

முதல்ல மொட்டை மாடில வெயில்ல வச்சு பாத்தேன். மேகம் வந்தா ஒரு கே, போனா ஒரு கே, மூணு நாள் மூணு பதில். அதனால அத விட்டுட்டு 50 வாட்ஸ் வெள்ளை எல்இடி ஃப்ளட் லைட் ஒண்ணு வாங்கி ஸ்டாண்ட்ல கட்டி, 20 சென்டிமீட்டர் கீழ பீக்கர் வச்சு பண்றேன். செட்டப் சொல்லிடறேன். பொடி 100 மில்லிகிராம் எடுத்து ஒரு லிட்டர் ஸ்டாண்டர்டு ஃப்ளாஸ்க்ல பிஹெச் 7 பாஸ்பேட் பஃபர்ல கரைச்சேன். அதுல ஒரு பங்கு பீக்கர்ல ஊத்தினா 4 சென்டிமீட்டர் உயரம் நிக்கும். அரை மணிக்கு ஒரு தடவ 1 மில்லி எடுத்து 10 மில்லியா டைல்யூட் பண்ணி ஸ்பெக்ட்ரோல (அப்சார்பன்ஸ் அளக்கற மெஷின்) 444-ல ரீடிங். (கைடு 445ன்னாரு, என் ஸ்கேன்ல பீக் 444-ல தான் வருது, அத விடுங்க.)

ரீடிங் இது தான்:
0 நிமிஷம் 0.309
30 நிமிஷம் 0.281
60 நிமிஷம் 0.252
90 நிமிஷம் 0.224
120 நிமிஷம் 0.196

எல்என் போட்டா கோடு நேரா வரல, போகப்போக கீழ வளையுது. துண்டு துண்டா கே கணக்கு போட்டா முதல் அரை மணில நிமிஷத்துக்கு 0.0032, கடைசி அரை மணில 0.0045. நேரம் ஆக ஆக வேகமா சிதையுதுன்னு அர்த்தமா இது, எப்படிங்க அப்படி இருக்க முடியும்? படிச்ச பேப்பர் எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட் ஆர்டர்னு, அதாவது மிச்சம் இருக்கற அளவுக்கு ஏத்த மாதிரி தான் வேகம்னு, போட்டிருக்கு.

இது போதாதுன்னு இன்னொரு கூத்து. கன்ட்ரோலுக்கு ஒரு பீக்கர ஃபாயில் சுத்தி பீரோவுக்குள்ள வச்சிருந்தேன், அது குறையாம இருக்கணும்ல, ஆனா அது ஏறுது. 0.309, அப்புறம் 0.312, 0.318, கடைசில 0.324. இருட்டுல வைட்டமின் உற்பத்தி ஆகுதான்னு ரூம்மேட் கிண்டல் பண்றான். கைடு கிட்ட காட்டினா "க்யூவெட் சரியா துடைக்கல"ன்னுட்டு போய்ட்டாரு (க்யூவெட்னா ஸ்பெக்ட்ரோக்குள்ள வைக்க கரைசல் ஊத்தற சின்ன டப்பா). நாலு தடவ துடைச்சிட்டேன் சார்.

---

லேப்_ராஜா

ப்ரோ ஃபர்ஸ்ட் ஆர்டர் தான், சந்தேகமே வேணாம். அஞ்சு பாயின்ட் பத்தாது, இருபது பாயின்ட் எடுங்க, ஆர் ஸ்கொயர் (புள்ளிங்க கோட்டோட எவ்ளோ ஒட்டுதுங்கற எண்) 0.99 வந்துரும். உங்க டேட்டாக்கே இப்ப 0.99 கிட்ட வரும்னு நினைக்கறேன், எதுக்கு டென்ஷன், அப்படியே எழுதி குடுத்துடுங்க.

---

பழைய_பிப்பெட்

ராஜா தம்பி கோச்சுக்காதீங்க, ஆனா இந்த ஆர் ஸ்கொயர் 0.99-ங்கறதுல தான் பாதி ப்ராஜெக்ட் குட்டிச்சுவரா போகுது. மெதுவா வளையற கோட்டுக்கு கூட 0.99 வரும், அது ஒரு அத்தாட்சியே கிடையாது. அஞ்சு புள்ளிய பேப்பர்ல போட்டு ஸ்கேல் வச்சு கண்ணால பாத்தாலே வளைவு தெரியுதுல்ல, முசிறி தம்பி அத பாத்திருக்கான், அதுக்கே ஒரு சபாஷ்.

தம்பி, இப்ப ஒண்ணு பண்ணு. எல்என் எல்லாம் தூக்கி ஓரமா வை. வெறும் அப்சார்பன்ஸ நேரத்துக்கு எதிரா போடு. 309-லேந்து 281, குறைஞ்சது 28. அடுத்து 29. அடுத்து 28. அடுத்து 28. பாத்தியா? அரை மணிக்கு அரை மணி அதே அளவு தான் குறையுது. இது ஜீரோ ஆர்டர். கே ஏறல, நீ தப்பான அச்சுல வரைஞ்சதால ஏறற மாதிரி தெரியுது.

ஏன் ஜீரோ ஆர்டர்? நீ டைல்யூட் பண்ணி க்யூவெட்ல அளக்கறப்ப 0.3 தான் வருது, நல்ல ரேஞ்ச், அதுல குறையே இல்ல. ஆனா லைட் அடிக்கறது க்யூவெட்ல இல்லையே, பீக்கர்ல தானே. பீக்கர்ல இருக்கறது பத்து மடங்கு கெட்டி, சென்டிமீட்டருக்கு 3-க்கு மேல அப்சார்பன்ஸ், அதுவும் 4 சென்டிமீட்டர் ஆழம், மொத்தம் 12-க்கு மேல போகுது. 12-ன்னா என்ன அர்த்தம் தெரியுமா, மேல இருக்கற 3 மில்லிமீட்டர்லயே 444-ல வர்ற வெளிச்சத்துல 90 சதவீதம் காலி. அடில இருக்கற கரைசல் நீல வெளிச்சத்த பாக்கவே இல்ல, இருட்டுல உக்காந்திருக்கு.

கல்யாண பந்தி மாதிரி நினைச்சுக்கோ. ஹால்ல 50 இலை தான் போட முடியும். வெளிய 500 பேர் நின்னாலும் சரி 5000 பேர் நின்னாலும் சரி ஒரு பந்திக்கு 50 பேர் தான் சாப்பிட்டு எந்திரிப்பாங்க. உன் பீக்கர்ல போட்டான் (ஒளித் துகள்) தான் இலை, மூலக்கூறு தான் விருந்தாளி. வந்த போட்டான் எல்லாமே பிடிபட்டுடுது, அதனால ரிபோஃபிளேவின் கொஞ்சம் குறைஞ்சாலும் வேகம் மாறாது, வேகத்த முடிவு பண்றது லைட்டு மட்டும் தான். ஃபர்ஸ்ட் ஆர்டர் வேணும்னா நிலைமை தலைகீழா இருக்கணும், இலை நிறைய, ஆள் கம்மி, அப்ப தான் எத்தன பேர் சாப்பிட்டாங்கங்கறது எத்தன பேர் வந்தாங்கங்கறத பொறுத்து இருக்கும். அதாவது கரைசல் ரொம்ப நீர்த்து இருக்கணும், ஆழமும் கம்மியா இருக்கணும்.

கணக்கா சொல்லணும்னா, கரைசலுக்குள்ள இருக்கற சராசரி வெளிச்சம் மேல விழற வெளிச்சத்துல எத்தன பங்குன்னு பாக்கணும். 1-லேந்து 10-ன் மைனஸ் ஏ அடுக்க கழிச்சு, அத 2.303 பெருக்கல் ஏ-ஆல வகுக்கணும், ஏ-ங்கறது முழு ஆழத்துக்கான அப்சார்பன்ஸ். உன் பீக்கருக்கு போட்டா 0.03 தான் வருது, அதாவது சராசரியா 3 சதவீதம் வெளிச்சம். இதே கரைசல லிட்டருக்கு 5 மில்லிகிராமா டைல்யூட் பண்ணி 1 சென்டிமீட்டர் ஆழத்துல வச்சா 0.83 வரும். அப்பவும் நூறு சதவீதம் இல்ல, ஆனா பழுதில்ல.

அதனால பீக்கர விட்டுடு. 9 சென்டிமீட்டர் பெட்ரி டிஷ் எடு, 64 மில்லி ஊத்தினா 1 சென்டிமீட்டர் உயரம் நிக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம். டைல்யூட் பண்ண வேண்டியதே இல்ல, நேரா க்யூவெட்ல ஊத்தி அளந்துட்டு திரும்ப டிஷ்லயே ஊத்திடு, இல்லன்னா ஒவ்வொரு ரீடிங்குக்கும் 3 மில்லி எடுத்துக்கிட்டே போனா ஆழம் குறைஞ்சுக்கிட்டே வரும், அது வேற ஒரு பிழை. லைட்ட கால் மணி நேரம் முன்னாடியே போட்டு சூடாக விட்டுடு, எல்இடி சூடேற ஏற கொஞ்சம் மங்கும், அது நிலையான அப்புறம் டிஷ்ஷ உள்ள வை. கன்ட்ரோல பீரோல வைக்காத, ஃபாயில் சுத்தின இன்னொரு டிஷ்ஷா அதே லைட்டுக்கு அடில பக்கத்துல வை. அப்ப தான் சூடும் ஆவியாகறதும் ரெண்டுக்கும் ஒண்ணா இருக்கும்.

வெள்ளை எல்இடி எடுத்தது ஒரு வகைல அதிர்ஷ்டம். அதுக்குள்ள இருக்கறது நீல சிப் தான், 450 பக்கம் பீக், ரிபோஃபிளேவினோட 444-க்கு மேல அப்படியே போய் உக்காருது. பழைய குண்டு பல்பா இருந்தா பாதிக்கு மேல சூடும் சிவப்பும் தான், நாள் பூரா காத்துக்கிட்டு இருந்திருப்ப.

இருட்டுல ஏறற கேஸ் எனக்கும் புதிரா தான் இருக்கு. யோசிக்கறேன்.

---

முசிறி_பையன்

சார்!!! அப்சார்பன்ஸ நேரா போட்டேன், ஸ்கேல் வச்ச மாதிரி நேர்கோடு. அஞ்சு வாரமா இத பாக்காம இருந்திருக்கேன். பந்தி கதைய ரூம்மேட்டுக்கு சொன்னேன், அவனுக்கும் புரிஞ்சிடுச்சு, அவன் தமிழ் இலக்கியம்.

டிஷ் நாளைக்கு வாங்கறேன். இருட்டு கன்ட்ரோல் மட்டும் இன்னும் உறுத்துது.

---

க்யூசி_அக்கா

இருட்டு கன்ட்ரோல நான் சொல்றேன். மருந்து கம்பெனி க்யூசி-ல (தர சோதனை பிரிவு) 11 வருஷமா இருக்கேன், பி2 அஸ்ஸே (எவ்ளோ இருக்குன்னு அளக்கறது) கை தூக்கத்துல கூட பண்ணும்.

தம்பி உன் முதல் ரீடிங்க பாரு, 0.309. ஃபார்மகோபியால (மருந்து தர நூல்) ரிபோஃபிளேவினுக்கு 444-ல குடுத்திருக்கற ஸ்பெசிஃபிக் அப்சார்பன்ஸ் 328. 1 சதவீத கரைசல், 1 சென்டிமீட்டர்ங்கற கணக்குல. நீ க்யூவெட்ல வச்சது லிட்டருக்கு 10 மில்லிகிராம், அதாவது 0.001 சதவீதம், அப்ப 0.328 வரணும். உனக்கு வந்தது 0.309. கிட்டத்தட்ட 6 சதவீதம் காணோம். அந்த 6 சதவீதம் எங்க போச்சு? எங்கயும் போகல, ஃப்ளாஸ்க் அடிலயே பொடியா உக்காந்திருக்கு. கரையல!

ரிபோஃபிளேவின் தண்ணில கரையறதுல மகா சோம்பேறி. 1 கிராம் கரைய படிகத்த பொறுத்து 3 லிட்டர்லேந்து 15 லிட்டர் வரைக்கும் தண்ணி வேணும். நீ போட்டது லிட்டருக்கு 100 மில்லிகிராம், விளிம்புல நிக்கற அளவு. நல்ல மஞ்சளா பளிச்சுனு இருக்கறதால கரைஞ்சிடுச்சுன்னு கண்ணு ஏமாந்துடும். இருட்டு பீக்கர்ல மிச்சம் இருந்த துகள் மெதுவா கரைஞ்சுது, 309, 312, 318, 324 ஏறிச்சு, இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தா 328-ல போய் நின்னிருக்கும். வைட்டமின் உற்பத்தியும் இல்ல, க்யூவெட் அழுக்கும் இல்ல.

இப்ப யோசி, இதே தான் லைட்டுக்கு கீழ இருக்கற பீக்கர்லயும் நடந்திருக்கு. ஒரு பக்கம் சிதையுது, இன்னொரு பக்கம் அடிலேந்து புதுசா கரைஞ்சு வருது. உனக்கு தெரிஞ்ச இழப்பு நிஜ இழப்ப விட கம்மி. அதனால அந்த அஞ்சு ரீடிங்க வச்சு ஜீரோ ஆர்டர் கே கூட எழுதாத, தூக்கி போட்டுடு.

கரைக்கற முறை: பொடிய எடை போட்டு ஃப்ளாஸ்க்ல போட்டு, கொஞ்சம் கிளேசியல் அசிட்டிக் ஆசிட் விட்டு நனைச்சு, அப்புறம் தண்ணி ஊத்தி வாட்டர் பாத்ல சூடு பண்ணு, நடு நடுல ஆட்டிக்கிட்டே இரு. சூட்டுக்கு பயப்படாத, அமிலத்துல இருட்டுல இருக்கற வரைக்கும் ரிபோஃபிளேவின் சூட்ட நல்லா தாங்கும், அதுக்கு எமன் வெளிச்சம் தான், அப்புறம் காரம். முழுசா கரைஞ்சப்புறம் ஆற விட்டு மார்க் வரைக்கும் ஊத்து. ஃப்ளாஸ்க்க சாய்ச்சு அடில ஒரு டார்ச் அடிச்சு பாரு, ஒரு பொட்டு கூட மினுங்க கூடாது. அப்புறம் இதுலேந்து பஃபர்ல டைல்யூட் பண்றப்ப அசிட்டிக் ஆசிட் பிஹெச்ச இழுத்துடும், டைல்யூட் பண்ணினதுக்கு அப்புறம் மீட்டர்ல பாத்து 7-க்கு கொண்டு வா. பஃபர் கெட்டிய எல்லா ரன்லயும் ஒண்ணா வை, பாஸ்பேட் சும்மா வேடிக்கை பாக்கற சாதி இல்ல, கெட்டியா இருந்தா சிதையற வழியவே மாத்திவிடும்.

இன்னொண்ணு, இதெல்லாம் எங்க நின்னு பண்ற? ஜன்னல் ஓரமா பண்ணினா போச்சு. நான் வேலைக்கு சேந்த புதுசுல, ஒரு மதியம் பி காம்ப்ளெக்ஸ் சிரப் சாம்பிள டைல்யூட் பண்ணி வெள்ளை கண்ணாடி ஃப்ளாஸ்க்ல ஜன்னல் மேடைல வச்சுட்டு சாப்பிட போய்ட்டேன். தயிர் சாதம், அரட்டை, முக்கால் மணி நேரம். வந்து அளந்தா பி2 லேபிள்ல இருக்கறதுல முக்கால்வாசி கூட இல்ல. பேட்ச் ஃபெயிலுனு எழுதி, புரொடக்‌ஷன் மேனேஜர் வரைக்கும் ஓடி வந்து, ரெண்டு நாள் விசாரணை. கடைசில பக்கத்து டேபிள்ல இருந்த வயசான அனலிஸ்ட் ஒருத்தர் ஜன்னல மட்டும் கை காட்டினார், வேற ஒண்ணும் பேசல. அன்னிலேந்து பி2ன்னா அம்பர் ஃப்ளாஸ்க், சிவப்பு லைட்டு. ரிபோஃபிளேவின் 520-க்கு மேல எதையும் கண்டுக்காது, அதனால ஒரு சின்ன சிவப்பு எல்இடி போதும், இருட்டு ரூம் எல்லாம் தேவையில்ல.

---

பழைய_பிப்பெட்

அக்கா, கண்ணு முன்னாடியே இருந்திருக்கு, 0.309-ஐ நான் கணக்கு போட்டு பாக்கவே இல்ல. ஒத்துக்கறேன்.

---

நைட்_டூட்டி_நர்ஸ்

தப்பா நினைக்காதீங்க, கெமிஸ்ட்ரி ஆளு இல்ல நான், பச்சக்குழந்த வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். நாங்க மல்டிவைட்டமின் கலந்த ட்ரிப்ப கவர் போட்டு மூடி தான் மாட்டுவோம், டியூப் கூட ஆரஞ்சு கலர்ல வரும் சில நேரம். ஏன்னு கேட்டா "ப்ரோட்டோகால்"னு மட்டும் சொல்வாங்க. இது தான் காரணமா? அப்புறம் மஞ்சக்காமாலை குழந்தைங்கள நீல லைட்டுல வைக்கறோமே, அதுல இந்த வைட்டமினுக்கு ஒண்ணும் ஆகாதா?

---

க்யூசி_அக்கா

இதுவே தான்மா. ட்ரிப்ல மஞ்சளா தெரியறது பெரும்பாலும் பி2 தான். வெளிச்சம் பட்டா அது மட்டும் சாகறதில்ல, பக்கத்துல இருக்கறதையும் இழுத்துக்கிட்டு போகும். வெளிச்சத்த வாங்கி ஆக்சிஜனுக்கு கை மாத்திவிடும், பெராக்சைடு உண்டாகும், வைட்டமின் சி போகும், அமினோ ஆசிட் சிலது போகும். குறை மாச குழந்தைக்கு அந்த பெராக்சைடு நல்லதில்ல. வைட்டமின் ஏ-வும் வெளிச்சத்துல போகும், அதுக்கும் சேத்து தான் கவர்.

நீல லைட்டு விஷயம் நல்ல கேள்வி. பிலிருபின் (மஞ்சக்காமாலைல மஞ்சளாக்கற பொருள்) உறிஞ்சறதும் ரிபோஃபிளேவின் உறிஞ்சறதும் கிட்டத்தட்ட ஒரே நீலம். அதனால ஃபோட்டோதெரபில இருக்கற குழந்தைங்க ரத்தத்துல பி2 அளவு குறையறது ஆராய்ச்சில பாத்திருக்காங்க. அதுக்காக லைட்ட நிறுத்த முடியாது, பிலிருபின் மூளைக்கு ஏறினா அது பேராபத்து, பி2 பால் குடிக்க குடிக்க திரும்ப வந்துரும். சொல்லப்போனா அந்த வைத்தியம் கண்டுபிடிச்சதே உங்க ஆள் தான், 1956-ல இங்கிலாந்து எசெக்ஸ்ல ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரில ஜீன் வார்டுனு ஒரு சிஸ்டர். குழந்தைங்கள வெயிலுக்கு வெளிய கொண்டு போவாங்க, வெயில் பட்ட இடத்துல மஞ்சள் வெளுத்து, மூடியிருந்த இடத்துல அப்படியே இருந்தத டாக்டருக்கு காட்டினது அவங்க தான்.

---

முசிறி_பையன்

ஒன்பது நாள் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க, இன்டர்னல் எக்ஸாம்.

அக்கா நீங்க சொன்ன மாதிரி பழைய ஃப்ளாஸ்க்க சாய்ச்சு டார்ச் அடிச்சேன். அடில கடுகுல பத்துல ஒரு பங்கு சைஸ்ல ஆரஞ்சு கலர் ஊசி ஊசியா ஒரு வளையம். அஞ்சு வாரமா அத கழுவி ஊத்திட்டு இருந்திருக்கேன். அசிட்டிக் ஆசிட், வாட்டர் பாத் எல்லாம் பண்ணி புது ஸ்டாக் போட்டேன், லிட்டருக்கு 5 மில்லிகிராமா கொண்டு வந்து அளந்தா 0.163. உங்க 328 கணக்குல 0.164 வரணும். லேப்ல கத்தியே கத்திட்டேன், அட்டெண்டர் அண்ணன் ஓடி வந்து ஆசிட் பட்டுடுச்சான்னு கேட்டாரு.

பெட்ரி டிஷ், 64 மில்லி, அதே லைட்டு, அதே 20 சென்டிமீட்டர்:
0 நிமிஷம் 0.163
3 நிமிஷம் 0.137
6 நிமிஷம் 0.115
9 நிமிஷம் 0.096
12 நிமிஷம் 0.081

எல்என் போட்டா இப்ப நேர்கோடு, கே நிமிஷத்துக்கு 0.058, பாதி ஆயுள் 12 நிமிஷம். பீக்கர்ல ரெண்டு மணி நேரத்துல 37 சதவீதம் தான் போச்சு, இங்க 12 நிமிஷத்துல பாதி காலி! ஃபாயில் சுத்தின டிஷ் அரை மணி கழிச்சும் 0.164, ஆவியானதுல ஒரு நூல் ஏறிருக்கு போல.

ஆனா சந்தோஷத்துல அப்படியே விட்டு 30 நிமிஷம் வரைக்கும் எடுத்தேன். கணக்குப்படி 0.028 வரணும், வந்தது 0.041. இப்ப கோடு மேல் பக்கமா வளையுது. முன்ன கீழ, இப்ப மேல. இது ஏன்?

---

பழைய_பிப்பெட்

இது தான் தம்பி இந்த ப்ராஜெக்டோட உயிர், இவ்ளோ நேரம் நாம பேசினது வாசல் தெளிச்சு கோலம் போட்டது தான்.

444-ல நீ அளக்கறது ரிபோஃபிளேவின இல்ல, 444-ல உறிஞ்சற எல்லாத்தையும். ரிபோஃபிளேவின் சிதைஞ்சு ஒண்ணுமில்லாம போறதில்ல. அதுக்கு மூணு வளையம் உள்ள ஒரு தலை, ரிபிட்டைல்னு சர்க்கரை மாதிரி ஒரு வால். வெளிச்சம் அந்த வால தான் வெட்டுது. பிஹெச் 7-ல பாதி வெட்டு பட்டு முதல்ல வர்றது ஃபார்மைல்மெத்தில்ஃபிளேவின், அதுவும் மஞ்சள் தான், 444 பக்கம் நல்லாவே உறிஞ்சும். அதுலேந்து அப்புறம் லூமிக்ரோம் வரும், வால் முழுசா போனது, அதுக்கு பீக் 356 பக்கம், 444-ல ஒண்ணும் இல்லன்னே சொல்லலாம். காரமா இருந்தா லூமிஃபிளேவின் வரும், அதோட நிறமாலை ரிபோஃபிளேவின் மாதிரியே 445-ல நிக்கும், அங்க உன் முறைய வச்சா பாதி சிதைஞ்சாலும் ஒண்ணும் ஆகலன்னு காட்டும். நல்ல வேளை நீ 7-ல நிக்கற. அடுத்த சாப்டர்ல பிஹெச் 10 பண்றேன்னு எழுதிருந்தா இப்பவே உஷாரா இரு.

அதனால முதல் 12 நிமிஷத்துல இந்த பொருளுங்க கம்மி, கோடு நேரா வந்துச்சு. 30 நிமிஷத்துல ரிபோஃபிளேவின் ஆறுல ஒரு பங்கு தான் மிச்சம், அப்ப சிதைவுப் பொருளோட மஞ்சள் தூக்கலா தெரியும், 0.013 கூடுதலா வந்தது அது தான். முதல் பாதிய மட்டும் கேக்கு எடுத்துக்கோ, ஏன்னு எழுது.

சோதிச்சு பாக்க செலவில்லாத வழி: முழு ஸ்கேன் எடு, 300-லேந்து 550 வரைக்கும், எல்லா நேரத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா போடு. 373-ல இருக்கறத 444-ல இருக்கறதால வகு. சுத்தமான ரிபோஃபிளேவினுக்கு 0.85 பக்கம் வரும். லூமிக்ரோம் சேர சேர அது ஏறும்.

அப்புறம் கொஞ்சம் கை அழுக்கு ஆகற வழி. 30 நிமிஷ கரைசல்ல கொஞ்சம் எடுத்து செப்பரேட்டிங் ஃபனல்ல குளோரோஃபார்ம் விட்டு குலுக்கு, ஃப்யூம் ஹுட்ல வச்சு. வால் இருக்கற ரிபோஃபிளேவின் தண்ணிலயே நிக்கும், வால் போன லூமிக்ரோம் கீழ குளோரோஃபார்முக்கு இறங்கிடும். அந்த கீழ் அடுக்க 356-ல அளந்தா லூமிக்ரோம் தனியா கெடைக்கும். ஹெச்பிஎல்சி (கலவைய பிரிச்சு அளக்கற மெஷின்) இருந்தா இதெல்லாம் வேணாம், ஆனா உங்க காலேஜ்ல அது பூட்டி வச்சிருக்கற ரூம்ல இருக்கும்னு எனக்கு தெரியும், எல்லா காலேஜ்லயும் அப்படி தான்.

ஒரு கடைசி விஷயம். அந்த 0.058-ஐ பேப்பர்ல இருக்கற கேயோட ஒப்பிட்டு "ஒத்துப் போகிறது"னு எழுதிடாத. அது உன் லைட்டோட கே, உன் 20 சென்டிமீட்டரோட கே, 15 சென்டிமீட்டருக்கு இறக்கினா மாறிடும். ஒப்பிடணும்னா எத்தன போட்டான் விழுதுன்னு தெரியணும், அதுக்கு ஃபெர்ரிஆக்சலேட் ஆக்டினோமீட்டர் பண்ணணும், ஹாச்சர்டும் பார்க்கரும் 1956-ல சீரா எழுதி வச்ச முறை. அதே டிஷ்ல ரிபோஃபிளேவினுக்கு பதிலா பொட்டாசியம் ஃபெர்ரிஆக்சலேட் ஊத்தி அதே லைட்டுல வச்சு, உண்டாகற ஃபெரஸ் அயான பினாந்த்ரோலின் போட்டு 510-ல அளக்கறது. பச்சை படிகம் நீயே தயார் பண்ணலாம், பிஎஸ்சி ப்ராக்டிகல்ல பண்ணிருப்ப. நேரம் இருந்தா பண்ணு, இல்லன்னா கே-க்கு பக்கத்துல லைட்டோட விவரம் முழுசா எழுதிடு.

---

லேப்_ராஜா

சார் நான் இருபது பாயின்ட் எடுன்னு சொன்னது தப்பு தான், ஆனா ஒரு டவுட். ஆக்சிஜன் இல்லாம பண்ணா சிதையாதுல்ல? நைட்ரஜன் விட்டா காப்பாத்தலாமே.

---

பழைய_பிப்பெட்

எல்லாரும் அப்படி தான் நினைப்பாங்க, நானும் நினைச்சேன். நடக்கறது தலைகீழ். நைட்ரஜன் விட்டு ஆக்சிஜன துரத்தினா மஞ்சள் இன்னும் வேகமா வெளுக்கும். கிளர்ந்து நிக்கற ரிபோஃபிளேவின ஆக்சிஜன் தான் அமுக்கி வைக்குது, அது இல்லன்னா தன் வால தானே கடிச்சுக்கும். வேடிக்கை என்னன்னா அப்படி வெளுத்தத மூடிய திறந்து காத்து பட குலுக்கினா ஒரு பங்கு மஞ்சள் திரும்ப வரும், ஒடுக்கப்பட்ட ஃபிளேவின் திரும்ப ஆக்சிஜனேற்றம் ஆகறதால. முழுசா வராது. சின்ன டெஸ்ட் ட்யூப்ல பண்ணி பாருங்க, கண் முன்னாடி நடக்கும்.

---

க்யூசி_அக்கா

முசிறி, குளோரோஃபார்ம் கெடைக்க லேட் ஆனா டிஎல்சி (ப்ளேட்ல புள்ளி வச்சு கரைப்பான் ஏற விட்டு பிரிக்கற முறை) போடு. சிலிகா ப்ளேட், பியூட்டனால் அசிட்டிக் ஆசிட் தண்ணி 4:1:5, குலுக்கி நிக்க விட்டு மேல் அடுக்க மட்டும் எடு. நீர்த்த கரைசல்ங்கறதால ஒரே புள்ளில பத்து தடவயாவது வச்சு வச்சு காய விடணும், அதுவும் சிவப்பு லைட்டுல, இல்லன்னா ப்ளேட்லயே சிதைஞ்சிடும். யூவி லேம்ப் இல்லன்னா நோட்டு செக் பண்ற டார்ச் போதும். ரிபோஃபிளேவின் கீழ மஞ்சப்பச்சையா நிக்கும், லூமிக்ரோம் மேல ஏறி வான நீலமா மின்னும்.

---

முசிறி_பையன்

அக்கா, சார், பண்ணிட்டேன். 373-க்கு 444 வகுத்தது முதல்ல 0.85, 12 நிமிஷத்துல 1.2 கிட்ட, 30 நிமிஷத்துல 1.9. அப்படியே ஏறிக்கிட்டே போகுது.

டிஎல்சி-க்கு ஹாஸ்டல் கீழ இருக்கற மளிகைக்கடை அண்ணாச்சி கிட்ட நோட்டு டார்ச் கடன் வாங்கினேன். 0 நிமிஷ புள்ளில மஞ்சப்பச்சை ஒண்ணே ஒண்ணு. 30 நிமிஷ புள்ளில அது மங்கலா கீழ, மேல நீலம், அது நீங்க சொன்ன வான நீலமே தான் அக்கா, நடுவுல மஞ்சளா இன்னொரு சின்ன தீற்றல். அது தான் ஃபார்மைல்மெத்தில்ஃபிளேவினா சார்? கைடு ப்ளேட்ட வாங்கி ரொம்ப நேரம் பாத்தாரு, க்யூவெட்ட பத்தி ஒண்ணும் சொல்லல.

---

பழைய_பிப்பெட்

டிஎல்சி-ல நடுவுல நிக்குதுங்கறத வச்சு மட்டும் பேர் வைக்காத, லூமிஃபிளேவினாவும் இருக்கலாம். அந்த தீற்றல மட்டும் சுரண்டி எடுத்து தண்ணில கரைச்சு, கொஞ்சம் குளோரோஃபார்ம் விட்டு குலுக்கு. கீழ இறங்கிச்சுன்னா லூமிஃபிளேவின் பக்கம் சந்தேகப்படலாம். ப்ளேட்ட ஃபாயில்ல சுத்தி வை, காயற வரைக்கும் மேஜைல விட்டிருந்தீனா நாளைக்கு காலைல எல்லாமே நீலமா தான் இருக்கும்.

---

முசிறி_பையன்

ஐயோ மேஜைல தான் இருக்கு. ஓடறேன்.